உங்களுக்குத் தெரியுமா? வெட்டாமல் விட்ட மரமும் ஏன் சாகிறது?

தோப்பை லே-அவுட் ஆக்கும்போது வெட்டாமல் விட்ட வேம்பும் புளியும் நாலைந்து வருடம் கழித்துப் பட்டுப்போவதுண்டு. பழி பூச்சியின் மேலோ வெயிலின் மேலோ விழும். பல இடங்களில் குற்றவாளி, சாலை போட வந்த ஜேசிபிதான். நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 2 அடிக்குள்ளேயே, கிளை விரிவையும் தாண்டிப் படர்ந்திருக்கும். வண்டி ஏறி இறங்க மண் இறுகும். வேருக்குக் காற்று கிடைக்காது. தரையை உயர்த்தக் கிராவல் கொட்டினாலும் அதே கதி.

எவ்வளவு இடம் விடலாம்? பிரிட்டனின் பிஎஸ் 5837 தரவிதி (2012), தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதன் 12 மடங்கை ஆரமாகக் கொள்கிறது. விட்டம் 50 செ.மீ. என்றால் சுற்றிலும் 6 மீட்டர். முதல் வண்டி வருமுன்பே அங்கே வேலி நிற்க வேண்டும். சிமென்ட் கலப்பது, கம்பி அடுக்குவது எல்லாம் வேலிக்கு வெளியேதான்.

தமிழகத்தில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும். விலைபோகாத மூலையைத் தள்ளிவிடுவதுதான் வழக்கம்! பழைய மரங்கள் நிற்கும் பகுதியையே வரைபடத்தில் பூங்காவாகக் குறித்தால், அவற்றுக்கென்று தனியே மனை இழக்க வேண்டியதில்லை.