தண்டவாளம் நீங்கிய பின் தடம் யாருடையது?

ஓர் இருப்புப்பாதை மூடப்பட்டால் எஞ்சி நிற்பது யாது? தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடலாம். சிலிப்பர் கட்டைகளையும் சரளைக் கல்லையும் வாரிக்கொண்டு போய்விடலாம். ரயிலடிக் கட்டடத்தை வேறு அலுவலுக்கு ஆக்கிக்கொள்ளலாம். இவை யாவும் போன பின்னரும் ஒன்று எஞ்சும். அதுவே தடம், ஊர்களை ஒன்றோடொன்று இணைத்து, இடையில் எங்கும் அறுபடாமல் ஓடும் ஒடுங்கிய நிலம். அதன் மதிப்பு பரப்பில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. இருபது கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தின் நடுவே யாரோ ஒருவர் ஒரு கொட்டகை போட்டு வேலியடைத்துவிட்டால், அது பாதையாய் இருப்பதை நிறுத்திவிட்டு இரண்டு முட்டுச்சந்துகளாகிவிடும்.

இந்தத் தடத்தை நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய பொதுவழியாக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அதற்குப் பொறியியல் காரணம் ஒன்று உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனாலேயே ஓர் எஞ்சின் நூற்றுக்கணக்கான டன் பாரத்தைச் சமதரையில் எளிதில் இழுத்துச் செல்கிறது; அதனாலேயே மேட்டில் ஏறத் திணறுகிறது. நூறு அடி தூரத்திற்கு ஓரடி உயர்ந்தாலே ரயிலுக்கு அது நல்ல ஏற்றந்தான். ஆகவே அக்காலப் பொறியாளர்கள் குன்றை வெட்டியும், பள்ளத்தைத் தூர்த்தும், ஆற்றுக்குப் பாலம் கட்டியும் நிலத்தைச் சமன்செய்தனர். ரயிலுக்காகச் செய்த அந்தச் சமன், இன்று மூட்டுவலி உள்ள பாட்டிக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும், மூன்று சக்கர வண்டி மிதிக்கும் குழந்தைக்கும் பயன்படுகிறது. புதிதாக அப்படி ஒரு வழி அமைக்க இன்று எந்த ஊராட்சியாலும் இயலாது.

ஜொகூர் மக்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் பாதை 1909-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே பெக்கோக் அமைந்திருப்பது அப்பாதையின் மேலேதான். 1920களில் நீரிணையின் குறுக்கே பாலச்சாலை அமைந்தபின், இதே பாதை சிங்கப்பூர்ப் பாதையோடு கைகோத்துக்கொண்டது. பெக்கோக் வழியாகச் செல்லும் பகுதி இன்றும் உயிருள்ள பாதை. அது மின்சார இரட்டைப் பாதையாக மாற்றப்பட்டு, 2025-ல் மின்ரயில்கள் தெற்கே படிப்படியாக நீண்டன. ஆனால் அதே பாதையின் தென்கோடி 2011-ல் அடங்கிவிட்டது. அங்கே என்ன நடந்தது என்பதை அறிந்தால், தடம் ஒன்றைக் காப்பதற்கு எவை வேண்டும் என்பது விளங்கும்.

சிங்கப்பூர்த் தீவுக்குள் ரயில் ஓடத் தொடங்கியது 1903-ல். 1932-ல் பாதையின் தென்பகுதி மாற்றியமைக்கப்பட்டு, தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் எழுந்தது. சிங்கப்பூர் தனிநாடான பின்னும் இந்நிலம் மலாயா ரயில்வேயின் கையிலேயே இருந்து வந்தது. ஒரு நாட்டின் நடுவே வேறொரு நாட்டு ரயில்வேயின் நிலம் நீளமாகக் கிடப்பது எளிய விவகாரமா? 1990-ல் இரு அரசுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதைப் பொருள்கொள்வதிலேயே இருபது ஆண்டுகள் கழிந்தன. 2010 மே மாதத்தில்தான் இரு நாட்டுப் பிரதமர்களும் தீர்வு கண்டனர். ரயில்வே நிலத்திற்கு ஈடாக மரினா சவுத், ஓஃபிர்–ரோச்சோர் ஆகிய இடங்களில் நிலம் அளிக்கப்பட்டது. அதை மலேசியா அறுபது, சிங்கப்பூர் நாற்பது என்ற பங்கில் அமைந்த கூட்டு நிறுவனம் பெற்றது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை, அப்போதைய ஜொகூர் சுல்தான், இந்நாள் மாமன்னர், சுல்தான் இப்ராஹிம் தாமே ஓட்டிச் சென்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது காலவரிசை. மே 2010-ல் ஒப்பந்தம். அதே ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தினர் ஓர் அறிக்கையை வெளியிட்டு, இந்நிலத்தைத் துண்டாக்காமல் ஒரே பசுமைவழியாகக் காக்க வேண்டும் என்று அரசிடம் முறையிட்டனர். கடைசி ரயில் ஓடுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னரே அந்த முறையீடு எழுத்தில் இருந்தது! நிலம் மிக அரிதான அத்தீவில், நகர நடுவே ஓடும் தடத்தை வீடுகளுக்கும் சாலைகளுக்கும் பங்கிட்டிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். முறையீடு ஓராண்டு தாமதித்திருந்தால் அது இரங்கற்பாவாகத்தான் முடிந்திருக்கும்.

ரயில் நின்ற மறுநாள் முதல் ஜூலை 17 வரை, தண்டவாளங்களைப் பெயர்க்குமுன், பாதை முழுவதும் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிடப்பட்டது. மக்கள் திரள்திரளாக வந்து கட்டைமீது கால்வைத்து நடந்தனர். இந்த வழியை யார் நாடுவர் என்ற கேள்விக்கு இதைவிட மலிவான கணக்கெடுப்பு வேறில்லை. பின்னர் ஆண்டு முடிவுக்குள் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன; புக்கிட் தீமாவின் இரு இரும்புப் பாலங்கள் மட்டும் நிலைநிறுத்தப்பட்டன. குடிமக்களும் வல்லுநர்களும் அடங்கிய ஆலோசனைக் குழு அமைந்தது. வடிவமைப்புக்கு 2015-ல் போட்டி நடந்தது. நிக்கென் செக்கெய் என்னும் ஜப்பானிய நிறுவனமும் டியெரா டிசைன் நிறுவனமும் இணைந்து வென்றன. 24 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியின் நடுப்பகுதி 2021-லும், பழுதுபார்க்கப்பட்ட புக்கிட் தீமா நிலையம் 2022-லும் திறக்கப்பட்டன. அரசின் முழு ஆதரவு இருந்தும் பத்தாண்டுகள் பிடித்தன என்பதைப் பொறுமையற்றோர் குறித்துக்கொள்வது நல்லது.

இத்திட்டத்தில் மிகவும் கருத்தைக் கவர்வது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. நகரத்திற்குக் குடிநீர் கொண்டுசெல்லும் புதிய பெருங்குழாய், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரம் இத்தடத்தின் அடியிலேயே புதைக்கப்பட்டது. சாலைகளைத் தோண்டாமல் குழாய் போயிற்று. தோண்டிய மண்ணை மூடும்போதே மேலே நடைவழியும் உருவாயிற்று. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் பழைய ரயில் தடம் ஒன்றின் அடியில் தொலைத்தொடர்புக் கம்பிகள் போக இடம் தந்து வாடகை பெறுகின்றனர். அறுபடாத நிலம் என்பது மேலே நடப்போருக்கு மட்டுமன்றிக் கீழே செல்லும் தண்ணீருக்கும் செய்திக்கும் வழி.

முன்கூட்டி முடிவெடுக்காவிடின் நேர்வது என்ன? அதற்கும் சான்று அருகிலேயே உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905 முதல் ரயில் ஓடியது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அத்தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுசென்றனர். தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டதும் அந்தப் பாதையில்தான். போருக்குப் பின் மலாக்காப் பாதை மீண்டும் போடப்படவில்லை, தடமாகவும் காக்கப்படவில்லை. சிறிது சிறிதாக அதன் தொடர்ச்சி கலைந்தது. இன்றும் மலாக்காவுக்கு ரயிலில் செல்வோர் புலாவ் செபாங்கில் இறங்கிச் சாலை வழியே போகின்றனர்.

இத்தகைய சிதைவைத் தடுக்க அமெரிக்கர் சட்டத்தையே நாடினர். அங்குப் பல இடங்களில் ரயில் நிறுவனங்களுக்கு இருந்தது நில உடைமையன்று, வழிச்செல்லும் உரிமைதான். ரயில் நின்றால் நிலம் பக்கத்து உடைமையாளரிடம் திரும்பிவிடும். 1983-ல் செய்த சட்டத் திருத்தம், பிற்காலத்தில் மீண்டும் ரயில் விடத் தேவைப்படலாம் என்ற அடிப்படையில் தடத்தைச் சேமித்து வைக்கவும், அதுவரை நடைவழியாக ஆளவும் இடம் தந்தது. வங்கியில் பணம் போட்டு வைப்பது போன்ற ஏற்பாடு இது. நிலச் சொந்தக்காரர்கள் வழக்காடினர். 1990-ல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இனிப் பணம். வழி அமைக்கும் செலவு வேறு, வழியைக் காக்கும் செலவு வேறு. முன்னதற்கு நன்கொடை கிடைக்கும். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட ஆள் வருவர். பின்னதற்கு விழா இல்லை. புல் வெட்டுவதற்கும், மதகில் அடைத்த குப்பையை வாருவதற்கும், விழுந்த மரத்தை அகற்றுவதற்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். நன்றாகத் தொடங்கிய வழிகள் புதராய்ப் போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் செலவை முதல் நாளிலேயே எழுதி வைக்காததால்தான்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ நடுப்பகுதியில் இதைத் திறம்படச் செய்தனர். 1990-ல் அங்கு ரயில் நின்றது. 1993-ல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை தடத்தை ஏற்றது. மறு ஆண்டு உள்ளூரார் ஓர் அறக்கட்டளை நிறுவிப் பணம் திரட்டத் தொடங்கினர். நிலமும் பராமரிப்பும் அரசுத் துறையின் பொறுப்பு. பாலங்களுக்குப் பலகையடிப்பது முதலிய பணிகளுக்குத் துணைநிற்பது அறக்கட்டளையின் பொறுப்பு. அறுபதுக்கு மேற்பட்ட பாலங்கள் கொண்ட 152 கிலோமீட்டர் வழி 2000-ல் முழுமையாகத் திறந்தது. தொடக்கத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் பலர் இதை ஐயத்தோடுதான் பார்த்தனர். ஆனால் மிதிவண்டியில் வருவோருக்கு இரவு தங்க இடமும் உண்ண உணவும் வேண்டுமன்றோ? ரயில் போனதால் சோர்ந்திருந்த சிற்றூர்களில் விடுதிகளும் தேநீர்க் கடைகளும் மீண்டும் திறந்தன. பயணிகள் ஊர்தோறும் முத்திரை குத்திக்கொள்ள ஒரு சிறு கடவுநூல் விற்கப்படுகிறது. அற்பமான உத்தி போலத் தோன்றும். ஆயினும் பயணியை ஒவ்வோர் ஊரிலும் நிற்க வைக்கிறது.

மலேசியாவில் நிலைமை சற்றுச் சிக்கலானது. சிங்கப்பூரில் நிலம், திட்டம், பணம் மூன்றும் ஒரே அரசின் கையில். இங்கு அரசியலமைப்பின்படி ரயில்வே கூட்டரசின் பொருள். நிலம் மாநிலத்தின் பொருள். 1992-ல் மலாயா ரயில்வே நிறுவனமாக்கப்பட்டபோது, நிலமும் பாதையும் ரயில்வே சொத்துடைமைக் கழகத்தின் பொறுப்புக்குச் சென்றன. புதர் வெட்டுவதும் விளக்குப் போடுவதும் உள்ளூர் மன்றத்தின் வேலை. ஆகவே ஓர் ஊரார் பழைய தடத்தைக் கேட்பதானால் முதலில் போக வேண்டிய இடம் நன்கொடை வசூலுக்கு அன்று, நில அலுவலகத்திற்கு. எந்தத் துண்டு யார் பெயரில் இருக்கிறது என்ற வரைபடம் கையில் இல்லாமல் திரட்டும் பணம் வீண்.

அடுத்தது, எதைக் கேட்பது என்பது. ஓடும் பாதையிலோ அதன் வேலிக்குள்ளோ அனுமதியின்றி நடப்பது குற்றம்; உயிருக்கும் ஆபத்து. ஆனால் ஒற்றைப் பாதை இரட்டையாகும்போது வளைவுகள் எங்கெல்லாம் நிமிர்த்தப்படுகின்றனவோ, அங்கெல்லாம் பழைய மண்மேடு ஒதுக்கில் நின்றுவிடும். அத்தகைய துண்டுகள் சில நூறு மீட்டரே இருக்கலாம். எனினும் ரயிலடியிலிருந்து பள்ளிக்கோ சந்தைக்கோ பிள்ளைகள் லாரி ஓடும் சாலையைத் தொடாமல் போக அது போதும். பெக்கோக்கிற்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு: எண்டாவ்–ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய்ப் பகுதிக்குச் செல்வோர் இவ்வூர் வழியாகவே போகின்றனர். ரயிலில் வந்திறங்கும் பயணியை ஊருக்குள் நடத்திச் செல்ல ஒரு நிழல்வழி இருந்தால், அவர் கடைத்தெருவில் ஒரு தேநீராவது குடிப்பார்.

செகாமட் மாவட்டம் 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் கண்ட வெள்ளங்களை மறந்து இங்கு எந்தக் கணக்கும் போட இயலாது. ரயில்வே இருந்தவரை மேட்டின் அடியிலுள்ள மதகுகளைச் சுத்தம் செய்ய ஆள்கட்டு இருந்தது. அப்பணியில் தமிழ்த் தொழிலாளர் நெடுங்காலம் உழைத்தனர். அந்த ஆள்கட்டு போனபின் ஒரு மதகு அடைபட்டாலும் நீர் மேட்டின் ஒருபுறம் தேங்கி, ஒரு மழைக்காலத்திலேயே கரையை உடைத்துவிடும். ஆதலின் பெஞ்சுக்கும் பெயர்ப்பலகைக்கும் முன்னால், மதகுகளை எண்ணி, ஒவ்வொன்றின் நிலையையும் எழுதி, அதைப் பார்த்துக்கொள்வது இன்னார் என்று மன்றத்தோடு ஒப்பந்தம் செய்வதே திட்டத்தின் முதல் தாளாக அமைய வேண்டும்.