நாயின் வாயில் கை வைக்கும் முன்



தோட்டக் காவலுக்கு ஒரு நாய், பிள்ளைகள் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டி ஒன்று என்று நம் வீடுகளில் நாய் இருப்பது சகஜம். "குடும்ப நலப் பிரசுரத்தில் நாய்க்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நாய்க்கு மருந்து கொடுக்கிறவர் தம் கையை அதன் வாய்க்குள் விடுகிறார். அதே கையால்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எப்போது கை வைக்கவே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாய் சோறு தின்னவில்லை. எச்சில் ஒழுகுகிறது. கீழ்த்தாடை தொங்கிப் போயிருக்கிறது. தண்ணீர்ச் சட்டி அருகே போகிறது, ஆனால் விழுங்க முடியவில்லை. குரைக்கும் சத்தமும் மாறிப்போச்சு. இதைப் பார்த்தவுடன், "ஐயோ பாவம், தொண்டையிலே எலும்பு சிக்கிக்கிச்சு" என்று வாயைப் பிளந்து, விரலை விட்டுத் துழாவுகிறவர்கள் உண்டு. மாத்திரையைத் திணித்துப் பார்ப்பவர்களும் உண்டு. தயவு செய்து இதைச் செய்யாதீர்கள்! வெறிநோய் இப்படியும் வரும்.

வெறிநாய் என்றால் கண்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஊமை வெறி பிடித்த நாய் மூலையில் சுருண்டு கிடக்கும். தண்ணீரைக் கண்டு பயப்படாது. அந்தப் பயம் மனிதருக்கு வருவது. ஆகவே "தண்ணி கிட்ட போகுதே, வெறி இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். நாயைத் தனியே அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கை வைத்து முடிந்துவிட்டதா? "கடிக்கலையே, நக்கத்தானே செஞ்சுது" என்று சும்மா இருக்கக் கூடாது. கையில் சிறு கீறலோ, வெடிப்போ இருந்தால் எச்சில் வழியாகவே கிருமி ஏறிவிடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி ஒன்றும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று அட்டையில் குறித்துக் கொடுப்பார்கள். காயத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் காயத்திலேயே வேறொரு மருந்தும் போடுவார்கள். நோய்க்குறி தோன்றிய பிறகு வெறிநோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது.

இனி, சாதாரணமாக மருந்து கொடுக்கும் விஷயம். வீட்டில் இருக்கிற காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். நம் உடம்பு தாங்குகிற பாராசிட்டமால் அளவு நாயின் ஈரலைக் கெடுக்கலாம். பூனைக்கோ ஒரு மாத்திரையே எமன். மூட்டு வலிக்கு நாம் விழுங்கும் ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

குடும்பத்துக்கு மிகவும் வேண்டிய மருந்து பூச்சி மாத்திரைதான். தாய் நாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு உருண்டைப்புழு வந்துவிடுகிறது, தாய்ப்பாலிலும் வருகிறது. மலத்தோடு விழும் முட்டைகள் சில வாரங்களில் மண்ணிலேயே முற்றுகின்றன. அந்த மண்ணில் விளையாடிய குழந்தை விரலை வாயில் வைத்தால் புழு அதன் உடம்புக்குள் அலையத் தொடங்கும். ஈரலுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும், சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள்ளும் போய்ப் பார்வையைக் கெடுக்கும். ஆகவே குட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே மருந்தை ஆரம்பித்து, மூன்று மாதம் வரை 2 வாரத்துக்கு ஒரு தடவையும், ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவையும் கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு தடவை போதும். எடைக்குத் தக்கபடிதான் அளவு. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துப் பாருங்கள். (பெரிய ராஜபாளையம் நாயை இப்படித் தூக்க முடியாதுதான், கால்நடை மருந்தகத்திலேயே எடை பார்த்துக்கொள்ளுங்கள்.)

மாத்திரையை ஈரல் துண்டிலோ, இட்லித் துண்டிலோ ஒளித்துக் கொடுப்பது நல்லது. முதலில் மாத்திரை இல்லாத துண்டு, அடுத்து மாத்திரை வைத்தது, அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதைக் காட்டுங்கள். மூன்றாவதைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். திராட்சை, சாக்லேட்டுக்குள் வைக்காதீர்கள்; இரண்டும் நாய்க்கு நஞ்சு. எதிலும் ஏமாறாத நாயானால், அதற்குப் பழகிய பெரியவர் ஒருவர் மேல்தாடையைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் பிடித்துத் தூக்கி, நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாக உள்ளே மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவ வேண்டும். மூக்கை நக்கினால் விழுங்கியாச்சு என்று அர்த்தம். பிள்ளைகளிடம் இந்த வேலையை விடாதீர்கள்.

தண்ணீர் மருந்தானால் தலையை அண்ணாத்தி ஊற்றக் கூடாது. மாட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டிய பழக்கத்தில் சிலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள்; மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் கன்னத்துப் பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள்.

கொடுத்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய் மருந்தையும் குழந்தை மருந்தையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். இப்போது வரும் நாய் மாத்திரைகளில் இறைச்சி வாசனை சேர்க்கிறார்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை தின்றுவிடக்கூடும். அப்படித் தின்றுவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.