விசாகப்பட்டினச் சுற்றுலாத் தலங்கள்: ஆறும் இருப்புப்பாதையும் இணைக்கும் நிலத்தொகுதி

ஆய்வுச் சுருக்கம்

ஆந்திரப் பிரதேசத்தின் கடற்கரை நகரமான விசாகப்பட்டினத்திற்கு வருவோர் கடற்கரை, சுண்ணாம்புக் குகை, மலைப்பூங்கா, பௌத்தக் குன்று, செம்மணல் மேடு ஆகியவற்றைத் தனித்தனித் தலங்களாகவே காண்கின்றனர். சுற்றுலா வழிகாட்டிகளும் அவற்றைத் தொலைவு, நேரம், நுழைவுக்கட்டணம் ஆகியவற்றுடன் கூடிய பட்டியலாகத் தருகின்றன. கோஸ்தனி ஆறும் கொத்தவலசை – கிரந்துல் இருப்புப்பாதையும் இத்தலங்களை ஒரே நிலத்தொகுதியாகப் பிணைத்திருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தலங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் முறை அவற்றின் வரலாற்றை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் பாதிக்கிறது என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: விசாகப்பட்டினம், போரா குகை, கோஸ்தனி ஆறு, எர்ர மட்டி திப்பலு, தேரி, சுற்றுலாவியல், நில மரபு.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி வரும் இடங்களுள் ஒன்று விசாகப்பட்டினம். நகரின் தெற்கே டால்பின் மூக்கு எனப்படும் மலைமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. வடக்கே கைலாசகிரி, கம்பாலகொண்டா முதலிய குன்றுகள் கரையை ஒட்டி எழுகின்றன. மலையும் கடலும் ஒரே நாளில் காணக் கிடைப்பதே இந்நகரச் சுற்றுலாவின் அடிப்படையாகும்.

இந்நகருக்கும் தமிழக வரலாற்றுக்கும் தொடர்புண்டு. 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் இவ்வூரைக் குலோத்துங்கசோழபட்டினம் என்னும் பெயராலும் குறிக்கின்றன. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு இங்கு இயங்கியதையும் அவற்றால் அறியலாம். அருகிலுள்ள சிம்மாசலம் கோயிலில் முதற் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு (கி.பி. 1098–99) உள்ளது. எனினும் சுற்றுலா ஏடுகளில் கடற்கரை கடற்கரையாகவும் கோயில் கோயிலாகவும் மட்டுமே இடம்பெறுகின்றன. துறைமுகமும் கோயிலும் ஒரே வணிக வழியின் இரு முனைகளாக இருந்தமை அங்குப் புலப்படுவதில்லை. இப்பிரிவினை வரலாற்றுத் தலங்களோடு நின்றுவிடாமல் இயற்கைத் தலங்களிலும் தொடர்கிறது.

போரா குகையும் ‘கண்டுபிடிப்பு’ப் பதிவும்

நகரிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில், அனந்தகிரி மலையில், கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில் போரா குகை அமைந்துள்ளது. தெலுங்கில் இது போரா குஹலு எனப்படும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லமிலத் தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கிப் பாறையைக் கரைத்ததால் இக்குகை உருவாயிற்று. கரைந்த சுண்ணாம்பு, துளித்துளியாகச் சொட்டும்போது மீண்டும் படிந்து, மேலிருந்து தொங்கும் விழுதுகளாகவும் கீழிருந்து எழும் முளைகளாகவும் வளர்கிறது.

இக்குகையை 1807ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் ஜார்ஜ் என்பவர் கண்டுபிடித்தார் எனச் சுற்றுலா ஏடுகள் பலவும் எழுதுகின்றன. இக்கூற்று காலக்கணக்கிற்குப் பொருந்தவில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கப்பட்டது 1851ஆம் ஆண்டிலாகும். அத்துறையில் பணியாற்றிய வில்லியம் கிங், 1863இல் இராபர்ட் புரூஸ் பூட்டுடன் அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டவராவார். 1886இல் விசாகப்பட்டின மாவட்டத்தின் நிலவியலைப் பற்றி எழுதிய அவர், 1887 முதல் 1894 வரை அத்துறையின் தலைவராகவும் இருந்தார். எனவே, 1807 என்னும் ஆண்டும் நிலவியல் ஆய்வுத்துறை என்னும் அடையாளமும் ஒரே கூற்றில் சேர்ந்து நிற்க இயலாதவை. மூலத்தோடு ஒப்பிடப்படாத ஒரு வரி, ஒரு வழிகாட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கப்பட்டே நிலைபெற்றுள்ளது எனலாம்.

‘கண்டுபிடித்தார்’ என்னும் சொல்லும் ஆய்வுக்குரியது. மேய்ச்சலுக்குச் சென்ற பசுவொன்று குகையின் மேற்புறத் திறப்பு வழியே உள்ளே விழுந்தது. அதனைத் தேடிச் சென்றவர் இலிங்க வடிவக் கல்லைக் கண்டார் என்பது அப்பகுதி மக்களின் வாய்மொழிக் கதை. இலிங்கத்தின் மேலுள்ள பசு வடிவப் பாறையின் மடியிலிருந்தே கோஸ்தனி பெருகுவதாகவும் அவர்கள் நம்புகின்றனர். கோ, ஸ்தனம் என்னும் வடசொற்கள் இணைந்த ஆற்றின் பெயரும் பசுவின் மடி என்னும் பொருளையே தருகிறது. அப்பகுதியின் பழங்குடி மக்கள் குகையை அறிந்து வழிபட்டு வந்ததை இக்கதை காட்டுகிறது. வழிகாட்டி ஏடுகள் இதனைச் சுவைக்கான புராணமாகவும், பிழையான ஆண்டைத் தாங்கிய வரியை வரலாறாகவும் வைக்கின்றன.

கோஸ்தனி ஆறு: மலையிலிருந்து கடல்வரை

அனந்தகிரி மலையில் தோன்றிப் போரா குகைப் பகுதி வழியே இறங்கும் கோஸ்தனி, சமவெளியில் தாடிபூடி நீர்த்தேக்கத்தை அடைகிறது. விசாகப்பட்டின நகரின் குடிநீர் ஆதாரங்களுள் இந்நீர்த்தேக்கமும் ஒன்று. பின்னர் இந்த ஆறு பீமுனிப்பட்டினத்தில் கடலில் கலக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் நிலையம் அமைத்த துறை அதுவாகும். அவர்களின் கல்லறைகள் அங்கு இன்றும் உள்ளன. குகையைக் காண மலையேறும் பயணி நகரில் அருந்தும் நீரிலும், மாலையில் காணும் முகத்துவாரத்திலும் அதே ஆறு உள்ளது.

இம்மலையின் பெரும்பகுதி கோண்டலைட்டு என்னும் உருமாற்றப் பாறையால் ஆனது. கோந்த் பழங்குடியினரின் பெயரால் அமைந்த பெயர் அது. இப்பாறை சிதைவுறும்போது குவார்ட்சு மணலும், கார்னெட்டு, சில்லிமனைட்டு முதலிய கனிமங்களும் இரும்புச் சேர்மங்களும் விடுபடுகின்றன. ஆறுகளும் ஓடைகளும் அவற்றைக் கடலோரத்திற்குக் கொண்டுவருகின்றன. கடற்கரை மணலில் ஆங்காங்கே காணப்படும் கருமையும் செம்மையும் மலையிலிருந்து வந்தவையே.

எர்ர மட்டி திப்பலு: செம்மணல் மேடுகள்

விசாகப்பட்டினத்திற்கும் பீமுனிப்பட்டினத்திற்கும் இடையே கடலையொட்டி எர்ர மட்டி திப்பலு அமைந்துள்ளது. எர்ர என்பது சிவப்பு, மட்டி என்பது மண், திப்பலு என்பது மேடுகள் எனப் பொருள்படும். கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் இன்றையதைவிட 100 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தது. அப்போது வெளிப்பட்ட கடலடி மணலைக் காற்று கரைக்கு அடித்துக் குவித்தமை இம்மேடுகளின் உருவாக்கத்திற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. நாளடைவில் இரும்புக் கனிமங்கள் ஆக்சிசனேற்றம் அடைந்து ஒவ்வொரு மணற்பருக்கையின் மீதும் செந்நிறப் படலமாகப் படிந்தன. பின்னர் மழைநீர் அம்மேடுகளை அரித்து ஆழ்ந்த ஓடைகளையும் செங்குத்துச் சுவர்களையும் உண்டாக்கியது.

தெற்காசியாவில் இத்தகைய கடலோரச் செம்மணற் படிவுகள் மிகச் சில இடங்களிலேயே உள்ளன. தமிழ்நாட்டின் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதித் தேரிகளும் இலங்கையின் கடலோரச் செம்மணலும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படுபவை. தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்ததைத் தொல்லியலாளர் நன்கு அறிவர். எனவே, குதிரைமொழித் தேரியை அறிந்த தமிழக ஆய்வாளருக்கு விசாகப்பட்டினச் செம்மேடுகள் அயலான காட்சியல்ல. கடல்மட்ட மாற்றத்தையும் பண்டைய தட்பவெப்பத்தையும் பதிவுசெய்துள்ள ஒரே வகை ஆவணத்தின் மற்றொரு படியாகும்.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 2014இல் இதனைத் தேசிய நில மரபுத் தலமாக அறிவித்தது. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுத் தலங்களுக்கான இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. எனினும் வேலியிட்ட எல்லை மட்டும் இத்தலத்தைக் காக்கப் போதாது. மேட்டின் மேற்புறத்தில் விழும் மழையே ஓடைகளை வடிவமைக்கிறது. அங்கு நிலத்தைச் சமப்படுத்தினாலோ, கட்டடம் எழுப்பினாலோ நீர்வழி மாறும். நீர்வழி மாறினால் எல்லைக்குள் இருக்கும் பகுதியின் அரிப்பும் மாறும். பல்லாயிரம் ஆண்டுகளில் படிந்து இறுகிய இம்மணல் ஒருமுறை அகற்றப்பட்டால் மீண்டும் உருவாக்கத்தக்கதன்று. படப்பிடிப்புத் தளமாகவும் ஒளிப்படம் எடுக்கும் இடமாகவும் மட்டும் இதனை அறிமுகப்படுத்தும் வழிகாட்டிகள் இச்செய்தியைச் சொல்வதில்லை.

இருப்புப்பாதை, துறைமுகம், கடற்கரை

போரா குகைக்கும் அரக்குப் பள்ளத்தாக்கிற்கும் செல்வோர் விரும்பும் பயணம் மலை இரயில் பயணமாகும். ஐம்பதுக்கும் மேற்பட்ட குகைவழிகளைக் கடக்கும் இப்பாதையில் 2017 முதல் கண்ணாடிக் கூரைப் பெட்டிகளும் இணைக்கப்படுகின்றன. ஆயினும் கொத்தவலசை – கிரந்துல் இருப்புப்பாதை சுற்றுலாவிற்காக அமைக்கப்பட்டதன்று. பைலாடிலா மலையின் இரும்புத்தாதுவை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யும் நோக்கில் 1960களில் அமைக்கப்பட்டதாகும்.

தாதுவை ஏற்றும் பெருங்கப்பல்களுக்கு 1933இல் திறக்கப்பட்ட உள்துறைமுகம் போதவில்லை. ஆகவே வெளித்துறைமுகம் அமைக்கப்பட்டு 1976இல் செயற்பாட்டிற்கு வந்தது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. இக்கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நகர்கிறது. அச்சுவர்கள் மணலைத் தெற்கே தடுத்து நிறுத்த, வடக்கே உள்ள இராமகிருஷ்ணா கடற்கரை மணல்வரத்தை இழந்து அரிப்பிற்கு உள்ளாயிற்று. துறைமுகத்தில் தூர்வாரிய மணலைக் கடற்கரைக்கு மீண்டும் செலுத்தும் பணி இதனாலேயே தேவைப்படுகிறது. 1969இல் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வுபெற்ற குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல், 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்பதும் இக்கடற்கரையில்தான். அதனைக் காண வருவோர் நிற்கும் மணல், இயற்கையும் தூர்வாரும் கப்பலும் சேர்ந்து தருவதாகும்.

இவ்வாறு மலையில் ஏறும் இரயிலும் கரையில் குறையும் மணலும் ஒரே பொருளாதார முடிவின் இரு விளைவுகளாகும். ஒருநாள் மலை, மறுநாள் கடல் என வகுக்கும் பயணத்திட்டத்தில் இக்காரணத் தொடர்பு மறைந்துவிடுகிறது.

தொட்லகொண்டா: நீரைச் சேமித்த குன்று

கைலாசகிரிப் பூங்காவைக் கடந்து பீமுனிப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலையில் தொட்லகொண்டா, பாவிகொண்டா என்னும் பௌத்தக் குன்றுகள் உள்ளன. 1976இல் கடற்படை மேற்கொண்ட வான்வழி அளவாய்வின்போது தொட்லகொண்டா கவனத்திற்கு வந்தது. இரு பெயர்களும் நீரைக் குறிப்பனவே. தொட்லு என்பது பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளைச் சுட்டும். தமிழ்த் ‘தொட்டி’யோடு ஒப்புநோக்கத்தக்கது. பாவி என்பது கிணறு. மழைநீரைப் பாறைத் தொட்டிகளில் சேமித்தே துறவியர் குன்றின் உச்சியில் வாழ்ந்தனர். தூபி, சைத்தியம், விகாரை ஆகியவற்றைப் பட்டியலிடும் அறிவிப்புப் பலகையைவிட இவ்வூர்ப் பெயர்களே அத்தலத்தின் இயக்கத்தைத் தெளிவாகச் சொல்கின்றன.

மக்களும் நிலவுரிமையும்

போரா குகைச் சூழல் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்கு உட்பட்ட பழங்குடிப் பகுதியாகும். இங்குள்ள ஊர்களில் தனியாருக்கு வழங்கப்பட்ட சுரங்கக் குத்தகைகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கே 1997இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த சமதா வழக்கு. அட்டவணைப் பகுதிகளிலுள்ள அரசு நிலத்தையும் பழங்குடியல்லாத தனியாருக்குச் சுரங்கக் குத்தகையாக வழங்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்திய நிலவுரிமை வரலாற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு தோன்றிய மண்ணே நாள்தோறும் பயணிகள் வந்துபோகும் குகையின் சுற்றுப்புறம். வண்ண விளக்கொளியில் குகையின் உருவங்களைக் காட்டும் விளக்கவுரைகளில் இம்மக்களுக்கு இடமில்லை.

நிருவாகப் பிரிவும் இச்சிக்கலைக் கூட்டுகிறது. 2022ஆம் ஆண்டு மாவட்டச் சீரமைப்பிற்குப் பின் குகை அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்திலும், தாடிபூடி நீர்த்தேக்கம் விஜயநகரம் மாவட்டத்திலும், முகத்துவாரம் விசாகப்பட்டின மாவட்டத்திலும் உள்ளன. ஆறு ஒன்றாயினும் அதனைக் கண்காணிக்கும் மாவட்ட நிருவாகம் மூன்றாகிறது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. விசாகப்பட்டினத்தின் குகை, செம்மேடு, கடற்கரை ஆகியவை மலைப்பாறையின் சிதைவாலும் நீரோட்டத்தாலும் மணல் நகர்வாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

2. போரா குகையின் ‘கண்டுபிடிப்பு’ ஆண்டு போன்ற செய்திகள் மூல ஆவணங்களோடு ஒப்பிடப்படாமல் பரவியுள்ளன. சுற்றுலா ஏடுகளை ஆய்வுச் சான்றாகக் கொள்வோர் அவற்றைச் சரிபார்த்தே பயன்படுத்தல் வேண்டும்.

3. ஒரு தலத்திற்கு மட்டும் எல்லை வகுக்கும் பாதுகாப்பு, அத்தலத்தை உருவாக்கும் நீர்வழியையும் மணல்வரத்தையும் காப்பதில்லை. எர்ர மட்டி திப்பலுவும் இராமகிருஷ்ணா கடற்கரையும் இதற்குச் சான்றுகள்.

4. போரா இரயில் நிலையத்தில் ஆற்றின் முழு வழியைக் காட்டும் நிலப்படம், செம்மேட்டில் அதன் நீர்ப்பிடிப்பு எல்லையை விளக்கும் பலகை, குகையில் பழங்குடி மக்களின் வாய்மொழி வழக்காற்றைப் பெயர்சுட்டிப் பதிவுசெய்யும் விளக்கம் ஆகியவை குறைந்த செலவில் இயல்பவை. பயணிகளுக்கு நிலத்தின் தொடர்பை உணர்த்த இவை உதவும்.

தமிழகத் தேரிகளுக்கும் இம்முடிவுகள் பொருந்தும். முந்திரித் தோப்பும் பனங்காடும் திரைப்படக் காட்சியுமாக மட்டும் அறியப்பட்டுவரும் தேரிகளை, எர்ர மட்டி திப்பலுவோடு ஒப்பிட்டு ஆராய்வதும் அவற்றுக்கு நில மரபுத் தகுதி கோருவதும் மேலாய்வுக்குரிய களங்களாகும்.