தாகம் எடுக்காத மதியம்

மே மாதம், மதியம் இரண்டு மணி. காலையில் வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருக்கிறது. கேட்டால், “தாகமே எடுக்கலடா” என்கிறார் பெரியம்மா. பஸ்ஸில் போகிற நாளென்றால் வழியில் சிறுநீர் வந்துவிடுமே என்ற கூச்சத்தில் குடிக்கமாட்டார், அது வேறு கதை. இன்று சொல்வது உண்மை.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஆரோக்கியமான முதியவர்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீரில்லாமல் இருக்க வைத்தார்கள். பிறகு வேண்டிய அளவு குடிக்கச் சொன்னார்கள். இரத்தத்தில் உப்பு அதிகம் ஏறியிருந்தது முதியவர்களுக்குத்தான். குறைவாகக் குடித்ததும் அவர்களேதான்!

தாகம் தெரியாத இப்படியொரு உடம்புக்குள்தான் பெரியம்மாவின் மாத்திரை டப்பா காலியாகிறது. முதலில் நீர் மாத்திரை. நம் சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உப்பை இழுத்தால் நீரும் கூட வரும் என்பதே அதன் சூட்சுமம். ஃபுரோசமைடு என்கிற நீர் மாத்திரை அந்த உப்புப் பாதையை அடைத்துவிடும். உப்போடு நீரும் வெளியே போகும். ‘லாஸ்ட்ஸ் சிக்ஸ்’, ஆறு மணி நேரம் தாங்கும் என்பதிலிருந்து வந்ததுதான் லேசிக்ஸ் என்கிற அதன் கடைப் பெயர் என்பார்கள். டாபாகிளிஃப்ளோசின் என்கிற சுகர் மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகிறது. சர்க்கரையும் சும்மா போவதில்லை, தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது.

டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை செய்வது வேறு. உடம்பில் நீர் குறைந்தால், சிறுநீரக வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாய் சுருங்கி உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றும். அந்தச் சுருக்கத்தை இந்த மாத்திரை தளர்த்திவிடுகிறது. இதற்கு மேல், மூட்டுவலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் போனால், இரத்தம் உள்ளே வரும் குழாயும் சுருங்கும். நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்த நாளில் பேதியும் வந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். டாக்டருக்கே தெரியாமல் டப்பாவில் நுழைவது பெரும்பாலும் அந்த வலி மாத்திரைதான்.

சரி, சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்துவிடலாமா? கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கு டாக்டர் தண்ணீரை அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருப்பார். தயசைடு வகை நீர் மாத்திரையில் சோடியம் இறங்கக்கூடும். அதன் மேல் வெறும் தண்ணீரை ஊற்றினால் இன்னும் இறங்கும். நீர் குறைந்தாலும் தடுமாற்றம், பேச்சில் குழப்பம். சோடியம் குறைந்தாலும் அதேதான். “வயசாச்சுல்ல” என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எது குறைந்தது என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வலி மாத்திரை உட்பட டப்பாவை அப்படியே எடுத்துப் போங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், வாந்தி பேதி வந்தால் அன்றைக்கு இதில் எதை நிறுத்துவது என்று கேட்டு, டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.