மழை எழுதும் பால் கணக்கு

ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்கு ஏறும் சாலை பிரிகின்ற சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அங்கே பருவம் என்பது மழை எந்த மாதத்தில், எந்த வேளையில் பெய்கிறது என்பதையே பொறுத்தது. தித்திவாங்சா மலைத்தொடர் வடகிழக்குப் பருவக்காற்றின் கடுமையைத் தடுத்துவிடுவதால், கிழக்குக் கரையை ஆண்டிறுதியில் வெள்ளக்காடாக்கும் மழை இவ்வட்டாரம் அடங்கிய கிந்தா பள்ளத்தாக்கை அதே வேகத்தில் தாக்குவதில்லை. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரலை ஒட்டிய வாரங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலுமே அங்கு மழை மிகுகிறது. பெரும்பாலும் அது பிற்பகல் இடிமழை. பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் குடும்பங்களுக்கு மாதக் கணக்கைவிட இந்த வேளைக் கணக்கே முக்கியமானது.

காரணம் மரத்தின் உடலமைப்பிலேயே உள்ளது. ரப்பர் மரப் பட்டையின் உட்புறத்தில் பால்குழாய்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன; இரவில் இலைகள் நீராவி விடுவது ஏறக்குறைய நின்றுவிடுவதால் அக்குழாய்களில் அழுத்தம் ஏறி, விடியலுக்கு முன் உச்சத்தை அடைகிறது, வெயில் ஏற ஏற இறங்கிவிடுகிறது. அதனால்தான் வெட்டு இருட்டோடு தொடங்குகிறது. கத்தி, இடமேலிருந்து வலக்கீழாகச் சரியும் கோட்டில் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க, பால் அக்கோட்டின் வழியே இறங்கி, மங்கு எனப்படும் கிண்ணத்தில் சொட்டுகிறது. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டை மீறி மரத்தில் பரவி வீணாவதோடு, ஈரத்தில் பெருகும் நோய்க்கிருமிகள் வெட்டிய இடத்தைத் தாக்கி, பின்னாளில் மீண்டும் வெட்ட வேண்டிய புதுப்பட்டையையும் கெடுக்கின்றன. வெட்டி முடித்தபின் மழை இறங்கினாலோ, மங்கு நிரம்பி வழிந்து அன்றைய பாடு மண்ணோடு போகிறது.

மழையே இல்லாத வாரங்களும் விளைச்சலைக் கூட்டுவதில்லை. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் மரங்கள் இலையுதிர்த்து, செம்பு நிறத் தளிர் விட்டு, அத்தளிர் முதிரும்வரை பால் குறைகிறது. வறட்சி தெளிவாக அமைந்த ஆண்டில் தளிர் ஒரே சீராக வந்துவிடும். இடையில் தூறல் விழுந்து ஈரம் நின்றாலோ, பூஞ்சை நோய் இளந்தளிரை உதிர்த்து, மரத்தை இரண்டாம் முறை தளிர்க்கச் செய்து, அதன் சேமிப்பைக் கரைத்துவிடுகிறது.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளில் 9 பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் விரிந்த பெருந்தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தபின் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி நிச்சயமில்லாமல் போனது. வானத்தால் வரும் நட்டம் நிலம் வைத்திருந்த கம்பெனியின் ஏட்டைவிட வெட்டுக்காரரின் அடுப்பையே முதலில் தொட்டது என்பதை மறந்து இந்தத் தொழிலின் வரலாற்றை எழுத முடியாது; தோட்டத் தொழிலாளர் நெடுங்காலம் மாதச் சம்பளம் கேட்டதன் பொருளும் இதுவே.

இன்று மலேசிய ரப்பர் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிறுதோட்டக்காரர்களிடம் உள்ளது. குடும்பமே வெட்டாத இடங்களில் விளைச்சல் உரிமையாளருக்கும் வெட்டுபவருக்கும் பங்காகப் பிரிகிறது. வெட்டுக்கோட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒட்டப்படும் பிளாஸ்டிக் மழைக்காப்பு இழந்த நாட்களில் சிலவற்றை மீட்டுத் தரும். ஆனால் ரப்பர் விலை தாழும்போது அச்செலவைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். பாலை மங்கிலேயே உறையவிட்டு எடுக்கும் கட்டிப்பாலுக்குத் தினமும் பால் சேகரிக்கும் அலைச்சல் இல்லையென்றாலும், நனைந்த கட்டியில் நீர் எடை கழிக்கப்பட்டே விலை போடப்படுகிறது. சிறுதோட்டக்காரர்களுக்காக 1973இல் தொடங்கப்பட்ட ரிஸ்டா அமைப்பின் வழியாக அரசு தரும் மழைக்கால உதவித்தொகை, வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் கொண்டு ஆண்டிறுதியை ஒட்டி வழங்கப்படுகிறது. கிந்தா பள்ளத்தாக்கில் ஏப்ரல் மழை பறிக்கும் விடியல்கள் அக்கணக்கில் சேர்வதில்லை.