தோல்வி அச்சமும் தவக்குலும்



சிவகாசியை அடுத்த திருத்தங்கலில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தபின், இளைஞர் ஒருவர் அடியேனை அணுகி ஸலாம் உரைத்தார். பட்டாசு ஆலையில் சரவெடி பின்னிப் பிழைத்தவர் அவர். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும், பேரியம் உப்புச் சேர்ந்த பட்டாசுகளுக்கும் தடை விதித்தது முதல், முன்போல் நிரந்தரமாக வேலை கிடைப்பதில்லை. இனிப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சிறு தொழிலொன்றைத் தொடங்க எண்ணியிருக்கிறார். கைப்பழக்கம் இருக்கிறது, மனைவியும் துணைநிற்கச் சித்தமாயிருக்கிறார். ஆயினும் மூன்று ஆண்டுகளாக அந்த எண்ணம் எண்ணமாகவே நின்றுவிட்டது. "ஹஜ்ரத், தொழில் படுத்துவிட்டால் மாமனார் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?" என்று கேட்டார்.

அவர் கேட்ட கேள்வியைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். இருக்கிற பணம் போய்விடுமே என்று அவர் கேட்கவில்லை. ஊரார் முன்னிலையில் முகம் வாடிப்போகுமே என்றே கேட்டார். புதிய முயற்சியில் இறங்க அஞ்சுவோர் பலருடைய உள்ளத்தையும் துருவிப் பார்த்தால், அங்கே நட்டத்தைவிட நாணமே பெரிதாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

அந்த இளைஞருக்கு உரிய மறுமொழி, அவர் நின்றுகொண்டிருந்த மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. சிவகாசிச் சுற்றுவட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் உழவனுக்கு வேறு வழியில்லை. அக்காலத்தில் நம் நாட்டு வீடுகளில் அடுப்பு மூட்டிய தீப்பெட்டிகளோ சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை. இந்நிலையில் 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவரக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். மொழி தெரியாத தொலைதூர ஊர். முன்பின் பழகாத தொழில். அங்கே சில மாதங்கள் தங்கி, மாணாக்கர்களாக இருந்து, தொழில் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினர்.

ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களைத் தருவித்து, 1923-இல் தொழிலைத் தொடங்கினர். அத்துடன் வெற்றி வந்து வாசற்கதவைத் தட்டியது என்று எண்ணிவிடாதீர்கள். இயந்திர உற்பத்தி அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கடல் கடந்து வந்த இயந்திரம் பயன் தராமற்போனால் ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் திருத்தங்கல் இளைஞர் எதற்கு அஞ்சினாரோ, அது அவர்கள் கண்ணெதிரே வந்து நின்றது.

ஆனால் அவர்கள் தொழிலைக் கைவிடவில்லை, இயந்திரத்தையே கைவிட்டனர். மழை குறைந்த வறண்ட காற்று தீக்குச்சி உலர்த்துவதற்கு உதவியது. வேலைக்கு ஏங்கிய கைகள் ஊரெங்கும் இருந்தன. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் கைத்தொழிலாயின. எந்த வறட்சி அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியதோ, அதே வறட்சி அவர்கள் தொழிலுக்குத் துணையாயிற்று. பின்னர், 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்ததையடுத்து, உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தேவைப்பட்ட வண்ணத்தாள்களை அச்சிடத் தொடங்கிய அச்சகங்கள் வளர்ந்து, நாடெங்கும் நாட்காட்டி அனுப்பும் பெருந்தொழிலாயின. முதல் இயந்திரம் தோற்ற அன்றே அவ்விருவரும் முகத்துக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கியிருந்தால், இவற்றில் எது நடந்திருக்கும்?

இஸ்லாம் இதனைத் தவக்குல் என்னும் சொல்லால் விளக்குகிறது. தவக்குல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இறைவன்மீது பாரத்தைப் போடுவது என்று சிலர் தவறாக எண்ணுகின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு நம்பிக்கை வைப்பதா, கட்டாமலே நம்பிக்கை வைப்பதா என்று வினவிய தோழருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனைச் சார்ந்திருக்குமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கட்டுவது நம் கடமை. அதன் பிறகு நடப்பது நம் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகிறது. முடிவு நமக்கு உரியதே இல்லையெனில், அது நமக்குப் பாதகமாக அமைந்ததற்காக நாணுவானேன்? முயலாமல் இருந்ததற்கு நாணுவதே முறை.

மக்காவில் உடைமைகளை விட்டு மதீனா வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அன்னார் அவருக்காகப் பரக்கத் வேண்டித் துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவ்வணிகமே பின்னாளில் அவரைப் பெருஞ்செல்வராக்கியது. மக்காவில் மதிப்போடு வாழ்ந்தவர் மதீனாவில் நெய் விற்பதா என்று அவர் கூசவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அச்சங்கள் அனைத்தும் துறக்கத்தக்கவை என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். பட்டாசு ஆலையில் உராய்வுக்கு அஞ்சுகிறார்கள், தீப்பொறிக்கு அஞ்சுகிறார்கள், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விடுகிறார்கள். அந்த அச்சம் உயிர் காக்கும் அச்சம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே உங்கள் அச்சம் எதைக் காக்கிறது என்று கேளுங்கள். உயிரையும், மானத்தையும், பிள்ளைகளின் உணவையும் காக்குமானால் அதற்குச் செவி கொடுங்கள். ஊர்வாய்க்கு மட்டுமே அஞ்சுவதாயின், அதனை ஒதுக்கிவிடுங்கள்.

அந்த இளைஞரிடம் அடியேன் கூறியது இதுதான்: "தம்பி, கல்கத்தா போனவர்கள் முதலில் கற்கத்தான் போனார்கள். நீங்களும் அட்டைப்பெட்டி செய்யும் ஒருவரிடம் சில வாரங்கள் கூலிக்கு நில்லுங்கள். வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். இருக்கும் வேலையை உடனே விடாதீர்கள். இரண்டு கடைகளுக்கு மட்டும் முதலில் செய்து கொடுங்கள். அது போனால் எவ்வளவு போகும் என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். தொழில் தெரிந்த பெரியவர்களிடம் மஷ்வரா கேளுங்கள். இரண்டு ரக்அத் இஸ்திகாராத் தொழுது, பின்னர் துணிந்து இறங்குங்கள். கைகூடாவிட்டால் வழியை மாற்றுங்கள். மாமனார் வாசலுக்குத் தலைநிமிர்ந்தே போங்கள்."

அவர் சற்று நேரம் மௌனமாக நின்றார். பிறகு, அட்டை வெட்டும் கத்தி எந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று அருகிலிருந்த பெரியவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.

வாசகப் பெருமக்களே! உங்கள் உள்ளத்திலும் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எண்ணம் ஒன்று இருக்கலாம். இந்த வாரத்திலேயே அதற்கான முதல் விசாரணையையேனும் செய்துவிடுங்கள். நம் முயற்சிகளில் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக! ஆமீன்.