கஞ்சாவுக்குக் கடை திறப்பதா, கம்பி எண்ண வைப்பதா?

நடுவில் யாரும் தட்டாத ஒரு கதவு!

"சார், எம் பையன் என்ன கொலையா பண்ணிட்டான்?"

கோர்ட்டு வாசலில் அந்த மனிதர் கேட்ட கேள்வி இது. வட சென்னையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு காலை 9 மணிக்கே வந்து நிற்கிறார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மகனின் மார்க் ஷீட்டுகள்.

"ஜட்ஜ் அய்யா கேட்டா காட்டலாம்னு எடுத்தாந்தேன்" என்கிறார்.

மகனுக்கு வயது 19. பாலிடெக்னிக் மாணவன். மாலை நேரத்தில் மைதானத்துச் சுவர் ஓரம் நண்பர்களோடு நின்றிருக்கிறான். போலீசார் சோதனை போட்டார்கள். சட்டைப் பையில் ஒரு கஞ்சா பொட்டலம். அவ்வளவுதான், கைது!

"தப்புதான் சார். நானே நாலு சாத்து சாத்தினேன். ஆனா கேஸுன்னு ஒண்ணு விழுந்துட்டா வேலை, பாஸ்போர்ட்டு எல்லாமே போச்சே? அதை நெனச்சா ராத்திரி கண்ணு மூட முடியலே."

டீக்கடை வழக்கு

கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. உள்ளே நடக்கும் வழக்கைவிட இங்கே நடக்கும் வழக்கு சூடானது.

"சாராயத்தை சர்க்காரே விக்குது. கஞ்சாவுக்கு மட்டும் என்ன தீட்டு? அதையும் கடை போட்டு வித்துட்டா கடத்தறவன் பொழப்புல மண்ணு விழும். வரியும் வரும்" என்றார் ஒரு குமாஸ்தா.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு எமன் போதாதா? அதுக்கு தம்பி வேற வேணுமா? சாராயத்துக்கே தாலியை வித்தவ நான்!"

குமாஸ்தா பதில் பேசவில்லை. டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா? கூடாதா?

ஒரே செடி, நாலு தீர்ப்பு

காசிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே அரசு லைசென்சு பெற்ற பாங்கு கடைகள் இருக்கின்றன. ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சால்மரிலும் உண்டு. பாங்கு என்பது வேறொன்றும் இல்லை. கஞ்சாச் செடியின் இலையை அரைத்த உருண்டைதான்!

பாங்காக்கில் 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தெருவுக்குத் தெரு கஞ்சாக் கடைகள் முளைத்தன. பச்சை விளக்குப் போட்டு விற்றார்கள்.

அங்கிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே கடத்தும் கஞ்சா 500 கிராமைத் தாண்டினால் தூக்குக் கயிறு! 1 கிலோவுக்குச் சற்றே கூடுதலான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்த குற்றத்துக்காக, 2023-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி சாங்கி ஜெயிலில் 46 வயது தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார்.

நம்மூரில்? ஒரு பொட்டலத்துக்குக் கைது.

ஒரே செடிதான். ஊருக்கு ஊர் தீர்ப்பு மாறுகிறது.

காசியில் குற்றம் இல்லையா?

"காசியில விக்கலாம், சென்னையில விக்கக்கூடாதா? இது என்ன நியாயம்?" என்று கேட்பீர்கள். விஷயம் சட்டத்தின் வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

1961-ம் ஆண்டு ஐ.நா. சபையின் போதைப்பொருள் ஒப்பந்தம் வந்தது. அதில் இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. சாதுக்களும் சாமானியர்களும் காலம் காலமாகப் பயன்படுத்தும் பொருளை ஒரே நாளில் நிறுத்த முடியாது என்பதால், கஞ்சாவை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. செடியின் இலைக்கும் விதைக்கும் விலக்குக் கிடைத்தது.

அதுவரை சில மாநிலங்களில் லைசென்சு கடைகளில் கஞ்சாவே விற்றுக்கொண்டிருந்தார்கள். 1985-ம் ஆண்டு ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-ந்தேதி அமலுக்கும் வந்தது. பூவும் மொட்டும் கலந்திருந்தால் கஞ்சா, அது குற்றம். இலை மட்டும் என்றால் அந்தந்த மாநிலத்தின் இஷ்டம். காசியில் பாங்கு கடை நடப்பது இப்படித்தான்!

வெள்ளைக்காரன் போட்ட கமிஷன்

இந்தச் சண்டை நேற்று வந்தது அல்ல.

கஞ்சா குடித்து இந்தியர்கள் பைத்தியம் ஆகிறார்கள் என்று லண்டன் பார்லிமெண்டில் கூச்சல் எழுந்தது. 1893-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். சென்னை ராஜதானி உள்பட நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். டாக்டர்கள், கலெக்டர்கள், விவசாயிகள், சாதுக்கள் என்று ஒருவரையும் விடவில்லை.

பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தார்கள். அங்கேதான் வேடிக்கை! நோயாளியைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர், காரணம் தெரியாதபோது கஞ்சா என்று எழுதிவிடுவார். அதையே குமாஸ்தா பதிவேட்டில் ஏற்றிவிடுவார். அப்படி ஏறிய கணக்கை வைத்துத்தான் லண்டனில் கூச்சல்!

1894-ல் கமிஷன் அறிக்கை வந்தது. அளவோடு பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு என்றது. அடியோடு தடை வேண்டாம், லைசென்சும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது.

கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த அறிக்கையை இன்றும் தூக்கிக் காட்டுகிறார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது 130 ஆண்டுக்கு முந்தைய கஞ்சா. இன்றைக்கு விமான நிலையத்தில் பிடிபடும் உயர்ரகக் கஞ்சா, அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில், மண்ணே இல்லாமல் வளர்த்தது. போதை பல மடங்கு அதிகம்.

மூலிகைதானே?

"இது மூலிகை சார், சித்தர்களே சொல்லியிருக்காங்க" என்று வாலிபர்கள் பேசுவதைக் கேட்கலாம். சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டு. உண்மைதான். ஆனால் வைத்தியர் அதைச் சுத்தி செய்து, அளந்து, மருந்தோடு மருந்தாகச் சேர்க்கிறார். சுவர் ஓரம் நின்று பீடியில் திணித்து இழுப்பது வைத்தியம் ஆகுமா? எருக்கும் செடிதான், அரளியும் செடிதான்!

மூளை 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதுக்குள் தொடர்ந்து இழுத்தால் ஞாபகசக்தி அடிபடும். படிப்பு கெடும். பரம்பரையில் மனநோய் இருந்தால், அது முன்கூட்டியே வெடிக்கலாம். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், காதில் குரல் கேட்பது எல்லாம் வரும். புகைப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் விட முடியாத அளவுக்கு அடிமை ஆகிறார்.

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி ஒரு பெரிய கணக்கு எடுத்தது. 2019-ல் அது வெளிவந்தது. நாட்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். அவர்களில் சுமார் 72 லட்சம் பேருக்கு சிகிச்சையோ உதவியோ தேவை.

72 லட்சம் பேரை வைக்க ஜெயில் இருக்கிறதா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்தவர்கள் கதை

2013-ல் உருகுவே நாடு முதன்முதலாக அனுமதிச் சட்டம் போட்டது. 2018 அக்டோபரில் கனடா கடை திறந்தது. கள்ளச்சந்தை அடிபட்டது, ஆனாலும் அடியோடு ஒழியவில்லை. ஜெர்மனி 2024 ஏப்ரலில் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. 18 வயது நிரம்பியவர் வெளியில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டில் 3 செடி வளர்க்கலாம். நம்மூர் ஒயின்ஷாப் போலக் கடை கிடையாது.

நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது தாய்லாந்தை. 2022 ஜூன் 9-ந்தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். எப்படி விற்பது, யார் விற்பது என்று முழுமையான சட்டம் போடாமலே கதவைத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. பெற்றோர் கத்தினார்கள், டாக்டர்கள் எச்சரித்தார்கள். மூன்றே ஆண்டு! 2025 ஜூனில் டாக்டர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது.

அங்கே திறந்த கதவின் காற்று இங்கேயும் அடித்தது. பாங்காக்கில் இருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில், பிஸ்கட் பாக்கெட்டுக்குள்ளும் துணிக்கு நடுவிலும் உயர்ரகக் கஞ்சா. மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரிகள் அடுத்தடுத்துப் பிடித்தார்கள்.

மாட்டுவது யார்?

சென்னைக்கு வரும் சாதாரண கஞ்சா பெரும்பாலும் ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைவது. விசாகப்பட்டினம் பக்கத்து மலைக் கிராமங்களிலும் மல்கான்கிரியிலும் மூட்டை கட்டி, ரெயில் ஏற்றுகிறார்கள். சென்ட்ரலில் போலீசாரைப் பார்த்ததும் பையை அப்படியே போட்டுவிட்டு ஆள் மாயம்! பை மட்டும் கைது.

2022-ல் தமிழக போலீசார் "கஞ்சா வேட்டை 2.0" நடத்தினார்கள். அடுத்து 3.0, 4.0 என்று வேட்டை தொடர்ந்தது. மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள். பாராட்ட வேண்டியதுதான்.

சட்டமும் எடைக்கு எடை தண்டனை வைத்திருக்கிறது. 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு ஜெயில். அபராதம் குறைந்தது 1 லட்சம் ரூபாய். 1 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் இடையில் என்றால் 10 ஆண்டு வரை. 1 கிலோவுக்குள் என்றால் "சிறு அளவு". ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கேதான் இடிக்கிறது. 900 கிராமைப் பொட்டலம் கட்டி பள்ளிக்கூட வாசலில் விற்பவனும் சிறு அளவு. ஒரே பொட்டலத்தை வாங்கி சட்டைப் பையில் வைத்த 19 வயதுப் பையனும் சிறு அளவு! அனுப்பியவனோ மலையில் இருக்கிறான். அவன் பெயர் கூடப் பையனுக்குத் தெரியாது.

அந்தக் கதவு எது?

டீக்கடையில் பெட்டிக்கடைக்காரர் பக்கத்தில் ஒரு வயதான வக்கீல் வந்து உட்கார்ந்தார். கதை முழுவதையும் கேட்டார்.

"பையனுக்கு எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

"ஒரு வருஷமா இருக்கும் போல சார். விடுறேன் விடுறேன்றான், முடியலே. காலேஜுக்கும் ஒழுங்கா போறதில்லே."

"64-ஏ கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவர் விழித்தார். நமக்கும் அதே விழிதான்.

வக்கீல் சொன்னது இதுதான். அதே போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் சிறு அளவு வழக்கில் சிக்கினால், அவரே முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ, அரசு அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற வேண்டும். பெற்றால் அவர் மீது வழக்கு நடத்தக்கூடாது. பாதியில் ஓடிவந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

"சட்டம் போட்டவங்களே வெச்ச கதவுங்க இது. தட்டுறவங்கதான் ரொம்பக் கம்மி" என்றார் வக்கீல்.

"இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலியே சாமி!" என்றார் பெட்டிக்கடைக்காரர். குரல் உடைந்தது.

கடையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்

கஞ்சாவுக்குக் கடை திறக்கலாமா? வேண்டாம்!

காரணம் கேட்டால் பூ கட்டும் அம்மாளைக் கேளுங்கள். 2003-ல் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. 2022-23-ல் மட்டும் வருமானம் 44 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தப் பணத்துக்குக் கஜானா பழகிவிட்டது. மூடுவோம் என்று மேடையில் பேசலாம். மூடுவது எளிதா? குடிகாரனுக்கு மட்டுமா பழக்கம்? கஜானாவுக்கும் பழக்கம்தான்! இன்னொரு பழக்கத்தை அதற்கும் கற்றுத்தர வேண்டாம்.

அப்படியானால் பொட்டலத்தோடு பிடிபட்ட பையனை ஜெயிலில் தள்ளலாமா? அதுவும் வேண்டாம். உள்ளே போனால் அவன் சந்திப்பது யாரை? மூட்டை கடத்தியவனை! ஒரு பொட்டலத்தோடு போகிறவன், பெரிய சரக்குக்கு விலாசம் வாங்கிக்கொண்டு வருவான்.

64-ஏ கதவும் இன்னும் அகலமாக வேண்டும். இப்போது அது அடிமையானவருக்கு மட்டும்தான். முதல் தடவை விளையாட்டாக வாங்கி மாட்டியவனுக்கு அங்கே இடம் இல்லை. அவனுக்கும் எச்சரிக்கை, டாக்டர், அப்பா அம்மா கையெழுத்து என்று ஒரு வழி வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவனையும் விற்பவனையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கைது செய்யும்போதே 64-ஏ பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் என்ன?

பெற்றவர்களே! பையனின் கண் சிவந்திருக்கிறதா? பணம் காணாமல் போகிறதா? மறைக்காதீர்கள். போதைப் பழக்கத்தில் இருந்து மீள வழி கேட்க மத்திய அரசின் இலவச டெலிபோன் எண் 14446. போலீசார் கையில் சிக்கும் முன்பே டாக்டர் கையில் ஒப்படையுங்கள்.

அன்று மாலை 4 மணிக்கு வழக்கு கூப்பிட்டார்கள். வாய்தா கிடைத்தது. மறுநாள் காலையே மகனைக் கூட்டிக்கொண்டு கீழ்ப்பாக்கம் போவதாகச் சொல்லிவிட்டு பெட்டிக்கடைக்காரர் பஸ் ஏறினார்.

அடுத்த வாய்தாவுக்கு அந்தத் துணிப்பைக்குள் மார்க் ஷீட்டோடு ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கும்.